அடகுக் கடைக்காரரின் ஊசல்

ஒரு கல்லை நீளமான நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூலைப் பிடித்த கையை வெடுக்கென்று பக்கவாட்டில் நகர்த்துங்கள். கை நகர்ந்துவிடும்; கல்லோ ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்கும். இதுதான் நிலைமம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். பூமி அதிரும்போதும் இதுவே நிகழ்கிறது. தரையோடு கருவியின் சட்டம் அசைகிறது. ஊசலின் குண்டு பின்தங்குகிறது. இந்த வேறுபாட்டைத் தாளில் பதித்தால் நிலநடுக்கப் பதிவு கிடைத்துவிடும்.

ஜப்பானில் பேராசிரியராக இருந்த ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயர் இத்தகைய கருவிகளை உருவாக்கினார். அவை கல்கத்தா, பம்பாய், கொடைக்கானல் வரை வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றில் ஒரு குறை இருந்தது. கை ஓய்ந்த பிறகும் உங்கள் கல் ஆடிக்கொண்டே இருக்கிறதல்லவா? மில்னின் ஊசலும் அப்படியே ஆடியது. தரையின் அசைவு எது, ஊசலின் சொந்த ஆட்டம் எது என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

இது சிறு குறையன்று. பூகம்பத்திலிருந்து முதலில் வந்து சேர்வது நெட்டலை. பாறையில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். பின்னால் வரும் குறுக்கலையின் வேகம் சுமார் 3.5 கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு தொலைவைக் கணிப்பதில்லையா, அதே கணக்குதான் இங்கும். அருகில் நிகழும் பூகம்பமானால், இடைவெளியின் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். 25 நொடி என்றால் 200 கிலோமீட்டர். ஊசல் ஓயாமல் ஆடினால், இரண்டாம் அலை வந்த நொடி அந்த ஆட்டத்தில் மறைந்துபோகும், கணக்கும் பிழைத்துவிடும்.

இதற்கு வழி கண்ட ஜே. ஜே. ஷா பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் என்னும் ஊரில் அடகுக் கடை நடத்தியவர். பூகம்ப ஆராய்ச்சி அவருக்குப் பிழைப்பன்று, ஆசை. ஊசலோடு ஒரு மெல்லிய உலோகத் தகட்டை இணைத்து, அதைக் காந்தங்களுக்கு நடுவே அசையவிட்டார். தகடு அசைந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றும். அந்த மின்னோட்டம் அசைவையே எதிர்க்கும். உராய்வு இல்லாமலே ஆட்டம் அடங்கிவிடும்! ஓர் அலுமினியத் தகட்டை ஊசலாக்கி, வலுவான இரு காந்தங்களுக்கு இடையே ஆடவிட்டு நீங்களும் இதைப் பார்க்கலாம். காந்தங்களை எடுத்துவிட்டும் ஒருமுறை ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள்.

அசைவைப் பெரிதாக்க ஷா ஒளிக்கதிரைத் துணைகொண்டார். ஊசலின் அசைவு ஒரு சிறு கண்ணாடியைத் திருப்ப, அதில் பட்டு எதிரொளித்த கதிர் புகைப்படத் தாளில் 250 மடங்கு பெரிதாகக் கோடிட்டது. ஜெர்மனியில் வீகர்ட் அமைத்த புகழ்பெற்ற கருவி ஒன்றின் குண்டு 1000 கிலோகிராம். ஷாவின் குண்டோ அரைக் கிலோகிராம்தான். மில்ன் 1913-ல் மறைந்தார். பின்னர் பல நாட்டு ஆய்வு நிலையங்களுக்கும் சென்ற இக்கருவி, இருவர் பெயரையும் சேர்த்து மில்ன்-ஷா கருவி என்றே அழைக்கப்பட்டது.