கதவு, முற்றம், சமையலறை: சிறுகதையில் களம் – ஓர் ஒப்பீடு

சிறுகதை ஒன்றைத் திறனாய்வு செய்யும்போது கரு, கதைப்பின்னல், பாத்திரங்கள், மொழிநடை என்று வரிசையாக எழுதுகிறோம். களம் என்ற பகுதிக்கு வந்ததும், "இக்கதை ஒரு கிராமத்தில் நிகழ்கிறது" என்ற ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொள்வதே பெரும்பாலும் வழக்கம். களத்தை நாடக மேடையின் பின்னால் தொங்கும் திரைச்சீலையாக நினைப்பதே இதற்குக் காரணம். நல்ல சிறுகதையில் அந்தத் திரையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்ட முடியாது; மாட்டினால் கதையும் கூடவே கழன்றுவிடும். கி. ராஜநாராயணனின் 'கதவு', என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்', அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' ஆகிய மூன்று கதைகளையும் ஒப்புநோக்கி இதனை விளங்கிக்கொள்ளலாம்.

இந்தச் சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் அகப்பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாக வகுத்தார். அவற்றுள் நிலமும் பொழுதும் முதற்பொருள். தலைவி காத்திருப்பதைப் பாட வந்த புலவர் முல்லைக் காட்டையும் கார்காலத்து மாலையையும் தெரிவுசெய்தார். நிலத்துக்கும் உணர்வுக்கும் அத்தனை நெருங்கிய உறவு இருந்தது. நவீன சிறுகதையில் அந்த நிலம் சுருங்கி, ஒரு வீட்டின் ஒரு பகுதியாகவும் ஆகிவிடுகிறது. மேற்சொன்ன மூன்று கதைகளும் வீட்டைப் பற்றியவை. ஆனால் ஒவ்வொன்றும் வீட்டின் வெவ்வேறு பகுதியில் நின்று பேசுகிறது.

'கதவு' கதையின் களம், மழையை நம்பி வாழும் கரிசல் கிராமத்தின் ஓர் ஏழை வீடு. தகப்பன் தொழிலுக்காக வெளியூர் போயிருக்கிறார், பணம் வரவில்லை. பிள்ளைகளுக்கோ வீட்டுக் கதவுதான் பஸ் வண்டி. அதில் ஏறி நின்று ஆட்டி விளையாடுகிறார்கள். ஒருநாள் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதன்பின் வாடைக்காற்றைத் தடுக்க எதுவுமில்லை. குளிரில் கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னர் ஒருநாள், சாவடிப் பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கும் தங்கள் கதவைப் பிள்ளைகள் கண்டு கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். வறுமை கொடியது என்று ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை. கதவு இருந்த வீட்டையும் கதவு இல்லாத வீட்டையும் காட்டுகிறார்; அதுவே போதுமாகிறது.

'நிலவிலே பேசுவோம்' நம் நாட்டுக் கதை. யாழ்ப்பாணத்தில் மேடையேறிச் சமூகச் சீர்திருத்தம் பேசும் ஒரு பெரிய மனிதரைத் தேடி, தாழ்த்தப்பட்டவர்கள் எனச் சமூகம் ஒதுக்கிவைத்த சிலர் இரவு வேளையில் வருகிறார்கள். அவர்களை வீட்டுக்குள் அழைத்து இருத்த அவருக்கு மனம் வரவில்லை. போகச் சொல்லவும் முடியவில்லை. வெளியே நிலவு காய்கிறது. நிலவிலே இருந்து பேசலாம் என்று இனிமையாகச் சொல்லி அவர்களை வெளியிலேயே வைத்துக்கொள்கிறார். கடுஞ்சொல் ஒன்றும் சொல்லப்படவில்லை. வீட்டின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான சில அடி தூரமே அவருடைய உள்ளத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தியும் உதவும். கோயில், பாடசாலை, கடை முதலிய பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் நிறைவேற்றப்பட்டது. அதன் பின்னரும் 1966இல் வடக்கில் தீண்டாமைக்கு எதிராகப் பெரும் போராட்டம் எழ வேண்டியிருந்தது. சட்டத்தால் தேநீர்க்கடையின் வாசலைத் திறக்கலாம். ஒருவருடைய வீட்டு விறாந்தையை எந்தச் சட்டமும் திறக்காது. ரகுநாதன் தெரிவுசெய்த களம் சரியாக அந்த இடம். இதே கதையைத் தேநீர்க்கடைக்கு மாற்றினால் அது சட்டத்தைப் பற்றிய கதையாகிவிடும். மனச்சாட்சியைப் பற்றிய கதையாக இராது.

1988இல் வெளிவந்த அம்பையின் தொகுப்புக்குத் தலைப்பாக அமைந்த கதை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. ராஜஸ்தான் குடும்பம் ஒன்றின் பெரிய வீடு. அந்த வீட்டில் அறைகளுக்குக் குறைவில்லை. சமையலறை மட்டும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. அதன் யன்னலுக்கு வெளியே பச்சை மலைகள் தெரிகின்றன. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, அந்த இடத்தைக் கொஞ்சம் வசதியாக்கலாம் என்று மாமனாரிடம் யோசனை சொல்கிறாள். அவர் சண்டை பிடிக்கவில்லை. பின்னர் பார்த்தால் யன்னலுக்கு வெளியே புதிய கொடிகள் கட்டப்பட்டு, காயும் துணிகள் மலையை மறைத்து நிற்கின்றன. அந்த வீட்டுப் பெண்கள் சமையலறையைத் தங்கள் இராச்சியமாகக் கருதி, அதன் அதிகாரத்துக்காகத் தங்களுக்குள் போட்டியிடுகிறார்கள். அந்த இராச்சியம் எவ்வளவு சிறியது என்பதைக் களமே வாசகருக்குச் சொல்லிவிடுகிறது.

இனி மூன்றையும் ஒப்பிடுவோம். முதற்கதையில் அதிகாரம் வெளியிலிருந்து வந்து வாசலைப் பெயர்க்கிறது. இரண்டாவதில் அதிகாரம் வீட்டுக்குள் இருந்துகொண்டு வாசலைக் காவல் காக்கிறது. மூன்றாவதில் வீட்டுக்கு உரியவர்களே வீட்டுக்குள் ஒரு மூலைக்கு ஒதுக்கப்படுகிறார்கள். மூன்றிலும் கதைமாந்தரின் நிலையை அறிய, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தாலே போதும்.

இயற்கையும் மூன்றிலும் வருகிறது. ஆனால் ஒரே வேலையைச் செய்வதில்லை. 'கதவு' கதையில் வாடைக்காற்று கருணையின்றி உள்ளே நுழைகிறது. ரகுநாதனின் கதையில் நிலவின் அழகு ஓர் அவமதிப்பை மூடும் போர்வையாகிறது. அந்தச் சந்திப்புப் பகலில் நிகழ்ந்திருந்தால் பெரிய மனிதருக்கு இவ்வளவு அழகான சாட்டு கிடைத்திராது. அம்பையின் கதையில் மலை எந்தத் தீங்கும் செய்யவில்லை. பார்க்கக்கூடாதது போல அது மறைக்கப்படுகிறது. ஆகவே இயற்கை வருணனையை "அழகாக உள்ளது" என்று பாராட்டுவதோடு நிறுத்தாமல், அந்த அழகு யாருக்குப் பயன்படுகிறது, யாருக்குக் கிடைக்காமற் போகிறது என்று கேட்பது அவசியம்.

பாத்திரம்தான் சிறுகதையின் உயிர், களம் இரண்டாம்பட்சம் என்று சிலர் வாதிடலாம். பாத்திரம் முக்கியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தப் பெரிய மனிதரை மேடையில் மட்டும் பார்த்திருந்தால் அவரை நல்லவர் என்றே முடிவுசெய்திருப்போம். வீட்டு வாசலில் பார்த்த பிறகுதான் அவரை அறிகிறோம். பாத்திரத்தைச் சோதிக்கும் உரைகல்லாகக் களம் அமைகிறது.

எனவே ஒரு சிறுகதையை வாசிக்கும் மாணவி களத்தைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த இடம் யாருடைய கையில் இருக்கிறது? இதற்குள் வர முடியாதவர் யார், இதை விட்டு வெளியேற முடியாதவர் யார்? இடத்தையோ பொழுதையோ மாற்றினால் கதையில் எது உடைகிறது? இவற்றுக்கு விடை எழுதினால் பரீட்சைத் தாளில் ஒரு வசனமாக இருந்த களம் ஒரு பந்தியாக வளரும்.

கதை எழுத விரும்பும் தோழியருக்கும் இக்கேள்விகள் பயன்படும். களம் தேடித் தூரத்துக் கிராமத்துக்கோ மலைச்சாரலுக்கோ போக வேண்டியதில்லை. பெருநாள் காலையில் ஹோலில் இருந்து பேசுகிறவர்கள் யார், குசினியில் நின்று வட்டிலப்பம் அவிக்கிறவர்கள் யார், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் தட்டத்தோடு நடந்துகொண்டிருப்பவள் யார் என்று பார்த்தாலே ஒரு கதைக்கு வேண்டிய களம் கிடைத்துவிடும்.