வீட்டுத் தோட்டத்துப் பீடைகளும் அயல் வளவும்



1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்ததை நம்மில் பலர் மறக்கவில்லை. பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் தெரியாதவர் வீட்டு விறாந்தைகளிலும் சாவகச்சேரி மாமரங்களின் கீழும் அந்த மாரியைக் கழித்தோம். 2000ஆம் ஆண்டில் போர் தென்மராட்சிக்குள் வந்தபோது, அன்று நமக்கு இடம் தந்தவர்களே வீடு வளவை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்ட குடும்பங்களுள் இன்னும் தம் காணிக்குத் திரும்ப முடியாதவர்களும் உள்ளனர்.

பிறர் காணியில் இருப்பவருக்கு ஒரு கேள்வி எழும்: "நாளை எங்கே இருப்போமோ தெரியாது, இங்கே செடி வைத்து என்ன பயன்?" பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கும் இதே கேள்வி இருந்தது. எரேமியா தீர்க்கதரிசி அவர்களுக்கு எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. தங்கியிருக்கும் இடத்திலேயே தோட்டம் செய்து அதன் பலனை உண்ணும்படியும், அந்த ஊரின் நலனைத் தேடும்படியும் அவர் அறிவுறுத்தினார். அயல் வளவும் நலமாக இருந்தால்தான் நம் கத்தரியும் நலமாக இருக்கும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. மண்ணை அறிதல்

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்து பழகிய கைக்குச் சாவகச்சேரியின் மணற்பாங்கான நிலம் புதிது. ஊற்றிய நீர் விரைவாகக் கீழிறங்கும். போட்ட பசளையும் அதனுடன் கழுவப்பட்டுக் கிணற்றைச் சேரும். குடாநாட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து கிடப்பதால், ஒரே நேரத்தில் அதிகம் இறைத்தால் கிணறு உவராகும். நமது குடிநீரும் அதே கிணற்றில்தான் இருக்கிறது.

ஆகவே, ஒரு நாளில் நிறைய ஊற்றாமல் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பூவரசு, கிளிசரியா ஆகியவற்றின் குழையைப் பாத்தியில் தாழ்த்துங்கள். செடியின் அடியைச் சருகாலோ வைக்கோலாலோ மூடுங்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் யூரியா கிடைக்காதபோதும், 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோதும் எருவும் குழையும் வைத்திருந்தவரின் முற்றத்தில் மரக்கறி நின்றது.

2. காலத்தை அறிதல்

வீட்டுக்கு ஒரு பழைய கொப்பி போதும். நட்ட நாள், முதல் பூ, முதல் காய், முதலில் கண்ட பீடை, செய்த வேலை ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம்.

ஆவணி, புரட்டாதி: கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுமேடை.
ஐப்பசி: முதல் மழையுடன் நடுகை, பயற்றை, வெண்டி, பாகல் விதைப்பு.
கார்த்திகை, மார்கழி: நீர் தேங்காதபடி உயர்ந்த பாத்தி, அழுகலைக் கவனித்தல்.
தை, மாசி: நல்ல காய்ப்பு. மழை ஓய்ந்து வெய்யில் ஏற, சாறு உறிஞ்சும் பூச்சிகளும் பெருகும்.
பங்குனி முதல்: கீரை, பசளி, மரவள்ளி. சோளகக் காற்று தொடங்குமுன் பந்தலைப் பலப்படுத்துதல்.

இரண்டு ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், எந்தப் பூச்சி எந்த மாதத்தில் உங்கள் வளவுக்கு வருகிறது என்று முன்கூட்டியே சொல்லலாம்.

3. கத்தரியின் பெரும் பகை

வீட்டுத் தோட்டத்தில் அதிக மனவருத்தம் தருவது கத்தரித் தண்டு, காய் துளைப்பான். இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சிறிய வெண்ணிற அந்து இரவில் வந்து இலைகளிலும் குருத்திலும் முட்டையிடும். சில நாட்களில் புழு வெளிவந்து இளங்குருத்தைத் துளைத்து உள்ளே போகும். காலையில் பார்த்தால் செடி முழுவதும் பச்சையாக நிற்க, ஒரு நுனி மட்டும் வாடித் தொங்கும். தண்ணீர் குறைவு என்று எண்ணி நாம் நீர் ஊற்றுவோம். காய் பிடித்த பின் புழு காய்க்குள் போகும். முழு வளர்ச்சி அடைந்ததும் வெளியேறி, உதிர்ந்த சருகிலும் செடியின் அடியிலும் கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து மீண்டும் அந்து வரும்.

புழு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் கழிக்கிறது. வெளியே அடிக்கும் நஞ்சு அதனைச் சென்றடையாது. ஆனால் அதனைத் தேடிவரும் சிறு குளவிகளை அந்த நஞ்சு கொன்றுவிடும். அதனால்தான் வாரத்துக்கு இருமுறை மருந்தடித்தும் காய் குத்தலாகவே வருகிறது. அந்தக் காயைத்தான் அடுத்த நாள் பிள்ளைகளுக்குச் சமைக்கிறோம்.

செய்ய வேண்டியவை:

(அ) வாடிய குருத்தை, வாடலுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். வாரத்துக்கு இருமுறையாவது பாருங்கள்.
(ஆ) வெட்டிய குருத்தையும் குத்தல் காயையும் எரித்துவிடுங்கள். வேலியோரத்தில் எறிவது புழுவை வளர்ப்பதாகும்.
(இ) காய்ப்பு முடிந்த பழைய செடியை விறகுக்கென்று மூலையில் அடுக்காதீர்கள். அதிலிருந்தும் அந்து புறப்படும்.
(ஈ) கத்தரி நின்ற பாத்தியில் மீண்டும் கத்தரி வைக்காமல் பயற்றையோ கீரையோ வையுங்கள்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். அடுத்தடுத்து ஐந்து வளவுகள், ஒவ்வொன்றிலும் பத்துக் கத்தரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுத் தாய் மட்டும் தவறாமல் குருத்தை வெட்டி எரிக்கிறார். மற்ற நான்கு வளவுகளிலும் நாற்பது செடி கவனிப்பாரின்றி நிற்கிறது. ஒரு பெண் அந்து நூறுக்கு மேலும் முட்டையிடக்கூடியது. அதற்குப் பூவரசும் தெரியாது, கிளுவை வேலியும் தெரியாது. அந்தத் தாய் ஒரு மாதம் பாடுபட்டுக் களைத்து, "இந்த வேலை பயனில்லை" என்று கடையில் நஞ்சு வாங்கப் போவார். குறை அவரது வேலையில் இல்லை; அவர் தனியாகச் செய்ததில்தான் இருக்கிறது. ஐந்து வீட்டாரும் ஒரே நாளில் வெட்டி ஒரே குழியில் எரித்தால், அடுத்த அந்துக்கூட்டம் வருவதற்கே இடம் குறையும்.

2000ஆம் ஆண்டை அடுத்து உலக மரக்கறி நிலையம் வங்காளதேசம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் கத்தரிச் செய்கையாளரிடையே இதே வழியைப் பரப்பியது. குருத்து வெட்டுதல், பழைய செடியை அழித்தல், ஆண் அந்தைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், நஞ்சை நிறுத்திக் குளவிகளைக் காத்தல் என்பன அதன் கூறுகள்.

4. மற்றப் பீடைகள்

பாகல், புடோல், பூசினி: பிஞ்சிலே பழ ஈ குத்தி முட்டையிடும். காய் வளைந்து, மஞ்சளாகி, அழுகி விழும். பிஞ்சைக் கடதாசியால் சுற்றிக் கட்டுங்கள். விழுந்த காயைக் கூட்டெருவில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் ஈயாகிறது.

பயற்றை: அழுக்கணவன் குருத்தில் கறுப்பாக அப்பியிருக்கும். கையால் நசுக்கலாம், சவர்க்கார நீர் தெளிக்கலாம். பக்கத்தில் பளபளப்பான சிவப்புப் பொறிவண்டு இருந்தால் விட்டுவிடுங்கள், அது அழுக்கணவனைத் தின்னும். கத்தரி இலையைச் சுரண்டும் வண்டு அதே வடிவமுடையது, ஆனால் மங்கிய நிறமும் நிறையப் புள்ளிகளும் கொண்டது. அதனைப் பிடித்து அழியுங்கள்.

வெண்டி: இலை நரம்பு மஞ்சளானால் அது வைரசு நோய். வெண் ஈ அதனைப் பரப்பும். இதற்கு மருந்து இல்லை. கண்ட உடனே பிடுங்கி எரித்தால் மற்றச் செடிகள் தப்பும்.

மிளகாய்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டும் வேறு வேறு. பூச்சிநாசினி பல சிற்றுண்ணியைக் கொல்வதில்லை. அதனைத் தின்னும் உயிர்களைக் கொன்று சிற்றுண்ணியைப் பெருக்கிவிடும்.

வேப்பங்கரைசல்: வேப்பம்பழம் உதிரும் காலத்தில் விதையைச் சேர்த்துக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் வையுங்கள், பொலித்தீன் பையில் பூஞ்சணம் பிடிக்கும். தோல் நீக்கிய பருப்பு 500 கிராமை இடித்து 10 லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியால் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெய்யிலில் அதன் வலு குறையும். வடித்த அன்றே பயன்படுத்துங்கள். காய்க்குள் போன புழுவை இது கொல்லாது.

முன்பு வாங்கிய நஞ்சின் பெயரை நினைவில் வைத்துக் கடையில் கேட்காதீர்கள். மொனோகுரோட்டோபொஸ் போன்றவை இந்நாட்டில் 1995இலேயே தடைசெய்யப்பட்டன. மிகவும் தேவைப்பட்டால் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செடியின் ஒரு கிளையைக் காட்டிய பின் முடிவு செய்யுங்கள்.

5. பகிர்ந்துகொள்ளுதல்

2008இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கைக்கு வந்தபோது, பப்பாசி மரங்கள் வெண்பஞ்சு மூடியதுபோல் வாடின. எத்தனை மருந்தடித்தும் அடங்கவில்லை. அடுத்த ஆண்டு அதன் இயற்கைப் பகைவனான சிறு குளவி வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு விடப்பட்டது. அது மரத்துக்கு மரம் பரவி வேலை செய்தது. மருந்தடித்த வளவுகளில் அந்தக் குளவியும் இறந்துபோகும். ஒருவர் வளவில் தெளிப்பது மற்றவர் வளவையும் தொடும் என்பதற்கு இது சான்று.

ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஐந்தாறு வீட்டார் ஓர் இடத்தில் கூடுங்கள். ஆலய மண்டபமோ வாசிகசாலையோ ஒரு மாமர நிழலோ போதும். எச்சமயத்தவரும் வரட்டும், காணிக்காரரும் குடியிருப்பவரும் ஒன்றாக வரட்டும். ஒவ்வொருவரும் தம் கொப்பியையும், பழுதான ஒரு இலையையோ காயையோ கொண்டுவர வேண்டும். நன்றாகக் காய்த்ததைச் சொல்ல எல்லோருக்கும் விருப்பம். பழுதானதைச் சொல்லத்தான் வெட்கம். நோயை மறைத்தால் அது அடுத்த வேலிக்குப் போகும். முதலில் சொன்னவர் அயலைக் காத்தவர்.

கூட்டம் முடிவதற்கு முன், அடுத்த குருத்து வெட்டும் நாளை எல்லோருமாகத் தீர்மானியுங்கள். விதையும் மாற்றிக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் சொந்தக் காணிக்குத் திரும்பிப் போகும் குடும்பம், இந்த மண்ணில் பழகிய விதையையும் கொப்பியையும் உடன் கொண்டுபோகலாம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வளவில் சென்ற மாரியில் முதலில் வந்த பீடை எது? எந்த மாதத்தில்?
2. வாடிய கத்தரிக் குருத்தை இதுவரை என்ன செய்தீர்கள்?
3. உங்கள் அயலில் கவனிப்பாரின்றி நிற்கும் பழைய கத்தரிச் செடிகள் எங்கே உள்ளன? அவற்றை அகற்ற யாரிடம் பேச வேண்டும்?
4. வயது முதிர்ந்த ஒருவரின் தோட்டத்தில் இந்த வேலையை யார் செய்து கொடுக்கலாம்?

செய்முறை: அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் வெட்டிய குருத்துகளை எண்ணி எழுதி வாருங்கள். எண்ணிக்கை வாரந்தோறும் குறைகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.