ராக்கெட் ஊரின் அணி

கேள்வி: உக்ரைனில் தொழிலாளர்களின் கால்பந்து அணி என்றால் ஷக்தார் மட்டும்தானா?

பதில்: இல்லை. தினிப்ரோ அணியின் கதை அதைவிட என்னை உருக்குவது. பெட்ரோவ்ஸ்கி இரும்பு உருக்காலைத் தொழிலாளர்களின் குழுவாகத் தொடங்கிய அணி அது. 1961-ல் ஏவுகணைகள் தயாரிக்கும் யுஷ்மாஷ் ஆலை அதை எடுத்துக்கொண்டது. பணமும் 'மெடியோர்' மைதானமும் வந்தன. 1983, 1988 என இரண்டு முறை சோவியத் லீக் சாம்பியன்!

ஆனால் அதே ஏவுகணை ஆலையால் அப்போது தினிப்ரோ நகருக்குள் வெளிநாட்டவருக்குத் தடை இருந்தது. எந்த ஐரோப்பிய அணியையும் அங்கே வரவழைக்க முடியவில்லை. அதனால் ஐரோப்பியக் கோப்பையின் 'சொந்த ஊர்' ஆட்டங்களை, இரும்புச் சுரங்க நகரமான கிரிவி ரிக்கில் போய் ஆடினார்கள். 1985 காலிறுதியில் பிரான்சின் போர்தோவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றதும் அங்கேதான். நாட்டையே வென்ற அணிக்குச் சொந்த மைதானம் மறுக்கப்பட்டது பெரும் அநியாயம்.

பல ஆண்டுகள் கழித்து, 2015-ல் வார்சாவில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். செவில்லாவிடம் 2-3 என்று தோல்வி. பிறகு சம்பள பாக்கி, தண்டனைகள், கீழ் டிவிஷன். 2019-ல் அணி கலைந்தது.