தராசிலிருந்து ரசீதுக்கு

பையை மடித்துக் கையில் இடுக்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்காத மாணவர் நம் வள்ளியூர்ப் பக்கத்தில் குறைவு. அங்கே இரண்டு கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, அரிசியை நிறுக்கும் மின்னணுத் தராசு. மற்றொன்று, ஸ்மார்ட் அட்டையைப் படித்து ரசீது போடும் கைக்கருவி. இது 2017-இல் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வந்தது. பல ஆண்டுகள் இவ்விரண்டும் ஒரே மேசையில் இருந்தும் ஒன்றுடன் ஒன்று பேசிக்கொள்ளவில்லை. பையில் எவ்வளவு விழுந்தது என்பது கைக்கருவிக்குத் தெரியாது. 20 கிலோ என்று விரலால் அழுத்தினால், 20 கிலோ என்றே ரசீது வரும்.

இவ்விரண்டையும் இணைக்கும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை தரும்படி மத்திய அரசு 2021-இல் தன் விதிகளைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2025-இல் தராசையும் கைக்கருவியையும் புளூடூத் வழியாக இணைக்கும் ஏற்பாடு கடைகளுக்கு வந்தது. இதன்படி, தராசு சொல்லும் எடை எவர் கையும் படாமல் ரசீதில் ஏறவேண்டும். கேட்கச் சிறிய செய்திதான். ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு மாத அரிசி இதில் அடங்கியிருக்கிறது. அந்த எடை எவ்வாறு பயணம் செய்கிறது, வழியில் என்னென்ன ஆகலாம் என்று பார்ப்போம்.

தராசின் தட்டுக்கு அடியில் ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய உலோகத் தகடுகள் நீளும்போது அவற்றின் மின்தடை மாறுகிறது. நான்கு தகடுகளை வீட்ஸ்டன் சமனச் சுற்றாக இணைத்திருப்பார்கள். 5 வோல்ட் கொடுத்தால் 100 கிலோ பாரத்துக்கு 10 மில்லிவோல்ட் தரும் ஒரு தராசை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 10 கிராம் அரிசிக்குக் கிடைப்பது ஒரு மைக்ரோவோல்ட்! இந்தச் சிறு மின்னழுத்தத்தை ஒரு சில்லு எண்ணாக மாற்றுகிறது. திரையில் 20.00 என்று தெரிகிறது.

இனி அந்த 20.00 வெளியே போகவேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் இலக்கத்துக்கும் ஆஸ்கி என்னும் அட்டவணையில் ஓர் எண் உண்டு. '0' என்ற இலக்கத்துக்கு 48, '1'-க்கு 49, '2'-க்கு 50. ஐம்பதை இரும எண்ணாக எழுதினால் 00110010. இந்த எட்டு பிட்டுகளையும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பலாம். அது இணைவரிசை முறை. ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகவும் அனுப்பலாம். இது தொடர்வரிசை முறை. தராசுகள் பெரும்பாலும் இரண்டாவதையே கையாளுகின்றன. கம்பி குறைவு, செலவும் குறைவு.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. கம்பியில் வருவது 1, 0 என்ற ஏற்ற இறக்கம் மட்டுமே. எங்கே ஓர் எழுத்து தொடங்குகிறது, ஒரு பிட் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கம்பி சொல்லாது. இரு தரப்பும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும். வழக்கமான உடன்பாடு இதுதான்: சும்மா இருக்கும்போது கம்பி 1 நிலையில் இருக்கும். ஓர் எழுத்து வருமுன் 0 ஒன்று வரும். அது தொடக்க பிட். பின்னர் எட்டு பிட்டுகள், கடைசிப் பிட்டிலிருந்து தொடங்கித் தலைகீழ் வரிசையில். முடிவில் 1 ஒன்று; அது நிறுத்த பிட். ஆக, ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டுகள். வினாடிக்கு 9600 பிட் என்பது பரவலாக வழங்கும் வேகம். அதில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோ வினாடி ஆகும். 20.00 என்ற ஐந்து எழுத்துகளும் முடிவுக் குறி ஒன்றும் சேர்ந்து 6.25 மில்லி வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தொடக்க பிட் விழுந்த கணத்திலிருந்து பெறும் கருவி புதிதாக எண்ணத் தொடங்குகிறது. ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. பத்தாவது பிட்டின் நடுவுக்கு வரும்போது அரை பிட் அளவு விலகாமல் இருந்தால் போதும். அதாவது இரு கடிகாரங்களுக்கும் இடையே 5 சதவீதம் வரை வேறுபாடு பொறுக்கும். கோலாட்டத்தில் ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் எல்லாரும் மறுபடி ஒன்றுசேர்வது போன்றது இது. எளிய தந்திரம்தான், என் கருத்தில் மின்னணுவியலின் அழகான தந்திரங்களில் ஒன்று.

1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்ற நியதி, கம்பியில் -3 முதல் -15 வோல்ட் வரை இருந்தால் 1 என்றும், +3 முதல் +15 வரை இருந்தால் 0 என்றும் வைத்தது. இடைப்பட்டது எதுவும் செல்லாது. இந்தக் கம்பிகளுக்கு மாற்றாக வானொலி அலையைப் பயன்படுத்தலாமே என்று சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய வேலைதான் பின்னர் புளூடூத் ஆயிற்று. ஆகவே அது பழைய கம்பியைப் போலவே நடிக்கக் கற்றிருக்கிறது. கைக்கருவியிலுள்ள செயலி இன்னும் கம்பி இருப்பதாகவே எண்ணிப் படித்துக்கொள்ளும்! அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 79 அலைவரிசைகளில் வினாடிக்கு 1600 முறை தாவித் தாவிச் செல்கின்றன. பக்கத்து மேசையில் வேறொரு தராசு இருந்தாலும் குழப்பமில்லை. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் முகவரி உண்டு. முதலில் ஜோடி சேர்த்த கருவியுடன் மட்டுமே பேச்சு.

வழியில் ஒரு பிட் கெட்டுப்போனால் என்ன ஆகும்? '2' 00110010, '3' 00110011. கடைசிப் பிட் ஒன்று மாறினால் போதும், 20 கிலோ 30 கிலோ ஆகிவிடும். இதைப் பிடிக்க ஒற்றை-இரட்டைச் சோதனை பிட் ஒன்றைச் சேர்ப்பது உண்டு: 1-களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாக வரும்படி அனுப்புவது. '2'-இல் மூன்று 1-கள். சோதனை பிட்டாக இன்னொரு 1 சேர்த்தால் நான்கு. வழியில் '3' ஆகிவிட்டால் மொத்தம் ஐந்து, பிழை பிடிபடும். ஆனால் '1' 00110001. '2' இப்படி மாற இரண்டு பிட்டுகள் கெடவேண்டும். அப்போது எண்ணிக்கை மறுபடி நான்கு. 20 கிலோ 10 கிலோவாகப் பதிவாகும், சோதனையும் சரி என்று சொல்லிவிடும். அதனால்தான் புளூடூத் 16 பிட் சோதனை எண் ஒன்றைத் தகவல் கட்டு முழுவதற்கும் கணக்கிட்டு அனுப்புகிறது; ஒத்துவராவிட்டால் அந்தக் கட்டை மறுபடி அனுப்பச் செய்கிறது.

எண் பிழையில்லாமல் வந்துவிட்டால் மட்டும் போதாது. அரிசி கொட்டும்போது தட்டு ஆடும், எடை 20.40 வரை போய் 19.80-க்கு வந்து நிற்கலாம். ஆகவே சில வகைத் தராசுகள் எடைக்கு முன்னால் 'எஸ்.டி.' என்ற எழுத்துகளை எடை நிலைபெற்றபின் அனுப்பும், ஆடும்போது 'யு.எஸ்.' என்று அனுப்பும். செயலி இதைப் பார்க்காமல் வந்த எண்ணை எடுத்துக்கொண்டால் ரசீது தவறும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று நம் ஊரில் எப்படி அடிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கதவருகே தராசை வைத்தால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், செயலி காத்துக்கொண்டே இருக்கும், வரிசை நீளும்.

2025-இல் இந்த இணைப்பால் நேரம் கூடுகிறது என்று விற்பனையாளர்கள் முறையிட்டார்கள். கிடங்கிலிருந்து வரும் மூட்டையும் சரியான எடையில் வரவேண்டும் என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேட்பில் இயற்பியல் நியாயம் இருக்கிறது. தராசில் காட்டிய எண்தான் ரசீதில் இருக்கிறது என்பதற்கு மட்டுமே இந்த இணைப்பு உறுதி தரும். தராசே தவறாக நிறுத்தால் தவறான எண்ணை மிகப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும். தராசுக்கு உறுதி தருவது எடையளவுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு ஒருமுறை வைக்கும் முத்திரை. அடுத்தமுறை கடைக்குப் போகும்போது தராசில் அந்த முத்திரையின் ஆண்டைப் பாருங்கள். காலித் தட்டில் 0.00 காட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். நண்பர் எதிர்வீட்டு மாடியில் நிற்கட்டும். நீங்கள் டார்ச் விளக்கை ஏற்றி அவர் பக்கம் காட்டுங்கள். வெளிச்சம் 1, இருள் 0. தொடக்கமாக ஒரு வினாடி கையால் மறையுங்கள். பின் '5' என்ற இலக்கத்துக்கான 53-ஐ, அதாவது 00110101-ஐ, கடைசிப் பிட்டிலிருந்து வினாடிக்கு ஒன்றாக அனுப்புங்கள். முடிவில் ஒரு வினாடி வெளிச்சம். அங்கே இருளாகவே இருந்தால், நிறுத்த பிட் வரவில்லை, பேட்டரி தீர்ந்தது என்று நண்பர் அறிவார். பிறகு அதே 53-ஐ அரை வினாடிக்கு ஒரு பிட்டாக அனுப்புங்கள். நண்பர் மட்டும் பழைய வேகத்திலேயே படிக்கட்டும். அவர் தாளில் எழுதிவைத்த எண் என்ன என்று கேளுங்கள்.