மதரஸா விடுதியை ஆராய வருகிறவர்களுக்கு

புதுச்சேரிக் கதிர்காமத்தில் மருத்துவக் கல்லூரியைச் சுற்றி வாடகை அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளில் சிலர் மருத்துவம் படிப்பவர்கள் அல்லர். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து ஏறிப் போய் சமூகவியலோ வரலாறோ ஆய்வு செய்கிறவர்கள். இஸ்லாமியக் கல்வி பற்றி எழுதப் போகிறோம், எங்கே தொடங்குவது என்று அவர்களில் யாராவது என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. சிறு வயதில் மக்தபில் ஓதியவன், பிறகு ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

1. எதை ஆராய்கிறீர்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மாலையில் பள்ளிவாசலில் ஒரு மணி நேரம் ஓதிவிட்டு வீடு திரும்பும் பிள்ளை படிப்பது மக்தப். குர்ஆனின் முப்பது பாகங்களையும் மனனம் செய்யத் தங்கியிருக்கும் பையன் ஹிஃப்ழ் மதரஸாவில் இருக்கிறான். அரபு இலக்கணம், ஹதீஸ், ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்டம் என்று ஏழாண்டு வரை படித்து ஆலிம் ஆகிறவன் அரபிக் கல்லூரி மாணவன். மூன்றையும் ஒரே சொல்லால் குறித்து எழுதிய கட்டுரைகள் பல. அவற்றின் முடிவுகளை நம்ப முடியாது. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை இந்தக் குழப்பத்தைச் சுட்டிக்காட்டியது. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் 3 முதல் 4 விழுக்காடுதான் என்றும் அது சொன்னது. நூற்றில் மிச்சம் 96, 97 பேர் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், அல்லது பள்ளிக்கே போகவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

2. தேவ்பந்துக்கு ரயில் ஏறாதீர்கள், இப்போதைக்கு. அங்கே 1866இல் தொடங்கிய மதரஸா பற்றி பார்பரா மெட்காஃப் 1982இல் வெளியிட்ட நூல் இருக்கிறது, அதைப் படியுங்கள். ஆனால் களம் இங்கேயே இருக்கிறது. புதுச்சேரி நகரில் முல்லா வீதியும் காஜியார் வீதியும், வில்லியனூர்ப் பக்கம் சுல்தான்பேட்டையும், எல்லை தாண்டினால் கோட்டக்குப்பமும் உண்டு. சிதம்பரம் வழியாகப் போனால் லால்பேட்டை.

தமிழ்நாட்டு ஆலிம்களின் பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்தைக் கவனியுங்கள். பாகவி என்றால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் படித்தவர். மன்பயீ என்றால் லால்பேட்டை மன்பவுல் அன்வார். உமரி என்றால் ஆம்பூர் அருகே உமராபாத்தின் ஜாமிஆ தாருஸ்ஸலாம். ஜமாலி என்றால் சென்னை ஜமாலியா. ஓர் ஊரின் இமாம்கள் எந்தப் பட்டக்காரர்கள் என்று ஒரு பட்டியல் போட்டாலே, அந்த ஊர் எந்தக் கல்லூரியோடு எத்தனை தலைமுறையாகத் தொடர்பு வைத்திருக்கிறது என்பது வெளிவந்துவிடும். பாகவிகள் கேரளத்திலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். குர்ஆனைத் தமிழில் முழுமையாகப் பெயர்த்த ஆ. கா. அப்துல் ஹமீதும் பாகவிதான். இந்தத் தொடர்புகளை வைத்து ஒரு முழு ஆய்வேடு எழுதலாம். யாராவது செய்ய வேண்டும்.

3. அனுமதி கேட்கும்போது முழு உண்மையைச் சொல்லுங்கள். நிர்வாகியிடமும் முதல்வர் ஹஜ்ரத்திடமும் தனித்தனியாகப் பேசுங்கள். பிள்ளைகளிடம் பேச வேண்டுமானால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கேமராவோடு வந்தவர்கள் எழுதியதை மதரஸாக்காரர்கள் மறக்கவில்லை. கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். முதல் சில வாரங்கள் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருங்கள்.

4. விடுதி வாழ்க்கையைப் பகலில் போய்ப் பார்க்க முடியாது. இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. காலை பத்து மணிக்குப் போகிறவர் வகுப்பைப் பார்க்கிறார், ஹஜ்ரத்தைப் பேட்டி எடுக்கிறார், ஒரு மணிக்குத் திரும்பிவிடுகிறார். விடுதிப் பையனின் நாளோ விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு முன்பே தொடங்கிவிட்டது. சபக் எனும் புதிய பாடத்தை ஒப்பிக்க வேண்டும், நேற்றையதை ஒப்பிக்க வேண்டும், பழைய பாகங்கள் மறக்காமலும் இருக்க வேண்டும். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகுதான் பந்து உருளும். இரவு இஷா தொழுகைக்குப் பின் கிதாபைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கி விழுபவனும் உண்டு, மூத்த மாணவனிடம் பாடம் கேட்பவனும் உண்டு. தன் துணியைத் தானே துவைக்கப் பத்து வயதில் கற்றுக்கொண்டவன், போர்வைக்குள் அழுபவன், வீட்டைவிட இங்கே வயிறு நிறைகிறது என்று வெளிப்படையாகச் சொல்பவன் எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையில் வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வராத பையனின் முகத்தைப் பாருங்கள். இவற்றை எழுதாத ஆய்வு பாடத்திட்டத்தைப் பற்றிய ஆய்வுதான்.

ஆண்டுக் கணக்கும் வேறு. ஷவ்வாலில் சேர்க்கை, ஷஅபானில் தேர்வும் பட்டமளிக்கும் ஸனது விழாவும், ரமலானில் விடுமுறை. சந்திர ஆண்டு ஏறத்தாழ பதினோரு நாள் குறைவு என்பதால் இந்தக் கணக்கு அரசுப் பள்ளியின் ஜூன் கணக்கோடு ஒட்டாமல் நகர்ந்துகொண்டே போகும். 2024இலும் 2025இலும் ரமலான் மார்ச்சில் வந்தது, பொதுத்தேர்வுகளும் மார்ச்சில்தான். மதரஸாவில் படித்தபடியே பத்தாம் வகுப்புத் தேர்வெழுதும் இளம் ஹாஃபிழ், குர்ஆனை மனனம் செய்தவன், இரவு தராவீஹ் தொழுகையில் நின்று ஓதிவிட்டு, காலையில் நோன்போடு தேர்வு அறைக்குப் போக வேண்டியிருக்கும். மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் இணைப்பது பற்றி மேடையில் பேசுவோர் இந்த நாட்காட்டியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

5. அரிசி யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கேரளத்தின் பழைய பள்ளி தர்ஸ்களில் மாணவர்கள் பள்ளிவாசலில் தங்கி ஊரார் வீடுகளில் சாப்பிட்டார்கள். ஊருக்கும் மாணவனுக்கும் தினமும் உறவு இருந்தது. தனி விடுதியும் சமையற்கட்டும் வந்ததும் அந்த உறவு நன்கொடை ரசீதாக மாறியது. உமராபாத் கல்லூரியை 1924இல் தொடங்கிய காக்கா முகமது உமர் தோல் வணிகர். குர்பானித் தோல்களை மதரஸாவுக்குக் கொடுப்பது வழக்கம். அண்மை ஆண்டுகளில் தோல் விலை சரிந்து அந்த வருமானம் சுருங்கிவிட்டது. புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் சைகோனில் கடை வைத்திருந்தார்கள். அங்கே 1935இல் எழுந்த பள்ளிவாசலைக் கட்டியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். இன்று பணம் வருவது வளைகுடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும். பணம் வரும் வழி மாறும்போது பாடமும் மாறுகிறதா என்று பாருங்கள்.

6. பிள்ளைக்குத் தீங்கு நடப்பதைக் கண்டால் ஆய்வை அங்கேயே நிறுத்துங்கள். அடியோ பாலியல் தொல்லையோ, அதைக் களக்குறிப்பில் எழுதிவைத்துவிட்டு நகர உங்களுக்கு உரிமை இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். சமுதாயத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று யாராவது தடுத்தால், கெட்ட பெயர் அந்தப் பிள்ளையின் உடம்பைவிடப் பெரிதல்ல என்று சொல்லுங்கள். எந்த மத விடுதியானாலும், அரசு விடுதியானாலும் இதே பேச்சுதான்.

7. பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாக்களைப் பெண்களே ஆராயட்டும். ஆண்கள் வாசலில் நின்று ஊகிக்க வேண்டாம். டெல்லியில் ஒரு பெண்கள் மதரஸாவில் களப்பணி செய்து மரைகே விங்கெல்மன் 2005இல் எழுதிய நூல் நல்ல முன்மாதிரி. ஆலிமா பட்டம் பெற்ற பெண் திருமணத்துக்குப் பிறகு என்ன ஆகிறாள், எங்கே ஓதிக்கொடுக்கிறாள், அவளுக்கு என்ன சம்பளம்? தமிழில் இதைப் பற்றி நான் போதுமான அளவு படித்ததில்லை.

8. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் விலக்கி வைத்தது. 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச மதரஸாச் சட்டம் செல்லும் என்றது. ஃபாஸில், காமில் பட்டங்களை மதரஸா வாரியம் தருவதை மட்டும் ஏற்கவில்லை.

9. ஜாவாவின் பெசந்த்ரென் எனும் இஸ்லாமிய விடுதிப் பள்ளிகள் பற்றி ஸமக்‌ஷாரி தோஃபியர் 1982இல் எழுதியது, மதரஸா பற்றி இப்ராஹிம் மூசா 2015இல் எழுதியது, இலங்கை பேருவளையில் 1973இல் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். மூசா தாமே தேவ்பந்தில் ஓதியவர். உள்ளிருந்து விமர்சிப்பது எப்படி என்று அவரிடம் கற்கலாம். இங்கே புதுச்சேரிக் கடற்கரையோரம் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தையும் பயன்படுத்துங்கள்.

10. எழுதி முடித்ததும் அந்த மதரஸாவுக்குத் திரும்பிப் போங்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தால் இருபது பக்கத்துக்குத் தமிழில் சுருக்கி எழுதி ஹஜ்ரத்திடமும் மூத்த மாணவர்களிடமும் கொடுங்கள். அவர்கள் மறுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, பட்டத்துக்குச் சமர்ப்பிக்கும் முன் திருத்துங்கள். அந்தச் சுருக்கத்தின் ஒரு பிரதியை எனக்கும் கொண்டு வாருங்கள், படிக்கிறேன்.