உப்பும் தேனும்

மக்கள் உண்ணும் உணவு, அவர்கள் வாழும் நிலத்தின் இயல்பைக் காட்டும் கண்ணாடியாகும். இவ்வுண்மைக்குக் கிரேக்க நாடு சிறந்ததொரு சான்று. மலைகள் செறிந்து, மூன்று புறமும் கடல் சூழ்ந்தது அந்நாடு. ஆங்கு மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடையிலோ வானம் வறண்டு கிடக்கும். விளைநிலமும் குறைவு. ஆதலின், ஒரு பருவத்தில் கிடைத்ததை மற்றொரு பருவத்திற்குக் காத்து வைத்தாலன்றி, ஏழைக் குடும்பம் பசியின்றி வாழ்தல் அரிதாயிருந்தது. அங்ஙனம் காப்பதற்குத் துணைநின்றவை உப்பும் இனிப்புமாம். இவ்விரண்டும் உணவிலுள்ள நீரை ஈர்த்து, அதனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் வளரவொட்டாமல் தடுக்கும்.

முதற்கண் உப்பின் பணியைக் காண்போம். மலைச்சரிவுகளில் மேயும் ஆடுகள் இளவேனிலில் மிகுதியாகப் பால் தரும். அப்பால் விரைவில் கெட்டுவிடும். எனவே, ஆயர் அதனை உறையச் செய்து, நீரை வடித்து, கட்டியாக்கி, உப்புநீரில் இட்டு வைப்பர். இதுவே ஃபெட்டா என்னும் பாலாடைக்கட்டி. இது குறைந்தது இரண்டு திங்களேனும் முதிர்தல் வேண்டும். செம்மறியாட்டுப் பாலே இதற்கு முதன்மையானது. வெள்ளாட்டுப் பால் நூற்றுக்கு 30 பங்கு வரை சேரலாம். ஃபெட்டா என்னும் பெயர் கிரேக்க நாட்டுக் கட்டிக்கே உரியது என ஐரோப்பிய ஒன்றியம் 2002-ஆம் ஆண்டில் வரையறுத்தது.

ஒலிவக்காய் பறித்தவுடன் உண்ண இயலாதவாறு கசக்கும். பல வாரம் உப்புநீரில் ஊறியபின் அதன் கசப்புக் குறையும். காயும் நெடுநாள் கெடாதிருக்கும். கடலுக்குத் தொலைவிலுள்ள மலையூரார்க்கு உப்பிட்டு உலர்த்திய மீன் பெரிதும் உதவிற்று. இன்றும் மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் விழாவில், காட் என்னும் மீனின் உப்புக்கண்டத்தை நீரில் ஊறவைத்து, உப்பைப் போக்கிப் பொரித்து, பூண்டுத் துவையலுடன் உண்பர்.

இனி, இனிப்பின் பணியைக் காண்போம். சருக்கரை பரவுமுன் தேனும், திராட்சைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய பாகுமே இனிப்புக்கு உதவின. ஏதென்சு நகரையடுத்த இமெட்டசு மலைத்தேன் பண்டைக் காலத்திலேயே புகழ்பெற்றது. பின்னாளில் அத்திப்பிஞ்சு, ஆரஞ்சுத் தோல், பிஞ்சுக் கத்தரிக்காய் முதலியவற்றைச் சருக்கரைப் பாகில் இட்டுக் காத்தனர். இதற்குக் ‘கரண்டி இனிப்பு’ என்று பெயர். விருந்தினர் வந்தால், சிறு தட்டில் ஒரு கரண்டியளவு இவ்வினிப்பை வைத்து, குளிர்ந்த நீருடன் அளிப்பது இல்லத்தாரின் வழக்கம். வறிய வீட்டிலும் விருந்தினர்க்கென இவ்வினிப்புச் சாடி ஒன்று காத்திருக்கும்.

கோடையில் உவர்ப்புடைய ஃபெட்டாவையும் இனிய தர்ப்பூசணியையும் ஒருங்கே உண்பர். ஒன்றன் சுவையை மற்றொன்று மிகுவிக்கும். ‘ரொட்டியும் உப்பும் சேர்ந்து உண்டோம்’ என்று கிரேக்கர் கூறின், அது நெடுநாள் நட்பைக் குறிக்கும். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்னும் நம் பழமொழி இங்கு நினையத் தக்கது.

இக்காலத்தில் உணவைக் காக்கக் குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. நாவின் பழக்கமோ எளிதில் மாறுவதில்லை. வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. சருக்கரைக்கும் அளவு வேண்டும். பசிக்கு அஞ்சிச் சேர்த்த உப்பு, பசி நீங்கிய பின்னும் மிகுமாயின், காத்த பொருளே கேடு செய்யும். எதிலும் மிகை கூடாது என்னும் அறிவுரையைக் கிரேக்க முன்னோர் டெல்பிக் கோயிலில் பொறித்து வைத்தனர். அவ்வறிவுரை உணவுக்கும் பொருந்துவதன்றோ?