பாட்டுவழி வரைபடம்

ஏழாம் வகுப்பில் வரைபடம் கற்பிக்க ஒரு சாலைப் பாட்டை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து மேற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் வரை சென்ற 66ஆம் எண் நெடுஞ்சாலையைப் பற்றி பாபி ட்ரூப் 1946இல் எழுதிய பாட்டு அது. வழியிலுள்ள ஊர்ப்பெயர்கள் அதில் அடுத்தடுத்து வரும்.

பெயர்களைப் பாட்டின் வரிசையில் கரும்பலகையில் எழுதினேன். நான் வரைந்து தந்த வரைபடத்தில் மாணவர்கள் அவற்றை நூலால் இணைத்தனர். ஓரிடத்தில் நூல் பின்னோக்கித் திரும்பியது.

"பாட்டு தப்பு, டீச்சர்!" என்றாள் வகுப்பில் அதிகம் பேசாத மாணவி. ஃபிளாக்ஸ்டாஃபுக்கு முன்பே வரவேண்டிய வினோனா, பாட்டில் அதற்குப் பின் வருகிறது. 'அரிசோனா'வுடன் 'வினோனா' இயைபாக அமைவதைச் சுட்டிக்காட்டினேன்.

"பாட்டுக்குச் சரி. வழி தெரியாதவங்க என்ன செய்வாங்க?" என்றாள்.

மறுநாள் அவள் குழு, பள்ளிக்கு வரும் பேருந்தின் நிறுத்தங்களைப் பாட்டாக்கியது. இயைபு சில இடங்களில் இடறியது. நிறுத்தங்களின் வரிசை மாறவில்லை.